கொட்டாஞ்சேனை என்று தேடினால் எதுவும் வராது: தமிழ் இணையத்தளங்களில் செய்திகள் தொலையும் விதம்

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் வீட்டுக்குக் கடந்த வருடம் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மாவின் மகன் 2008ஆம் ஆண்டு வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அம்மா ஒரு பைலை எடுத்து மேசையில் வைத்தார். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதங்கள், பதிவுத்தபால் துண்டுகள் எல்லாம் திகதி வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்று மட்டும் இல்லை. சம்பவம் நடந்த வாரத்தில் வெளியான செய்தித் துண்டு வீடு மாறும்போது தொலைந்துவிட்டது.

“பேப்பரில வந்தது போயிட்டுது பிள்ளை. ஆனா இன்டர்நெட்டிலயும் வந்ததெண்டு அப்ப ஒரு தம்பி காட்டினவர். அதை ஒருக்கா எடுத்துத் தருவீங்களோ?” என்று கேட்டார்.

எந்த இணையத்தளம் என்று சொன்னதும் எனக்கு நம்பிக்கை வந்தது. ஊடகக் கற்கை முடித்த கையோடு நான் சில காலம் வேலை செய்த தளம் அது. அங்கேயே இருந்து தொலைபேசியில் அந்தத் தளத்தைத் திறந்து, தேடல் பெட்டியில் ‘கொட்டாஞ்சேனை’ என்று தட்டச்சுச் செய்தேன். அண்மைக்காலச் செய்திகள் சில வந்தன. 2008ஆம் ஆண்டுக்குரிய எதுவும் வரவில்லை. மகனின் பெயரைக் கொடுத்தேன். ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்றது.

செய்தி அழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரங்களுக்குப் பிறகு அது அதே தளத்தில், அதே தரவுத்தளத்தில் இருந்தபடியே கிடைத்தது. இருக்கின்ற ஒன்றை இல்லை என்று ஒரு கணினி ஏன் சொல்கிறது? அந்த இரண்டு வாரங்களில் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போன்ற சிறிய தளங்களை நடத்துபவர்களுக்கும் பழைய செய்தி ஒன்றைத் தேடி அலைபவர்களுக்கும் இது உதவக்கூடும்.

செய்தி எங்கே இருக்கிறது?

இன்றைய செய்தித் தளங்கள் பெரும்பாலும் ‘உள்ளடக்க முகாமைத்துவ முறைமை’ ஒன்றின் மேல் இயங்குகின்றன. வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் போன்றவை பலரும் அறிந்தவை. 2003ஆம் ஆண்டு வெளியான வேர்ட்பிரஸ் இன்று உலகில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்படுவது. இவற்றில் செய்தி என்பது ஒரு பக்கமாகச் சேமிக்கப்படுவதில்லை. தலைப்பு, உடல், திகதி, எழுதியவர் என்று தரவுத்தள அட்டவணையின் ஒரு வரிசையாகத்தான் அது கிடக்கிறது. நீங்கள் முகவரியைச் சொடுக்கும்போது முறைமை அந்த வரிசையை எடுத்து, வடிவமைப்புக்குள் வைத்துப் பக்கமாகக் காட்டுகிறது.

ஆகவே, ஒரு பழைய செய்தி உங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் மூன்று விடயங்கள் சரியாக இருக்க வேண்டும். எழுத்துகள் எந்தக் குறியீட்டில் சேமிக்கப்பட்டன, தேடும் கருவி அவற்றை எப்படி ஒப்பிடுகிறது, அந்தச் செய்திக்கு நிலையான முகவரி உண்டா என்பவையே அவை. ஆங்கிலத்தில் இந்த மூன்றும் பெரும்பாலும் தாமாகவே நடந்துவிடும். தமிழில் யாராவது ஒருவர் யோசித்துத் தீர்மானித்தால்தான் நடக்கும்.

பாமினி விட்டுச்சென்றவை

இலங்கையில் தமிழ்த் தட்டச்சு என்றால் நீண்ட காலம் பாமினிதான். அச்சகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் இன்றும் அது இருக்கிறது. பாமினி ஓர் எழுத்துரு. தமிழ் எழுத்துக் குறியீடு அல்ல. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதினால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும். அவற்றைத் தமிழ் வடிவத்தில் வரைந்து காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் கோவைதான் தெரியும். தேடுபொறிக்கும் அதுதான் தெரியும்.

யுனிகோட் இதை மாற்றியது. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. எனினும், எங்களுடைய தளங்கள் யுனிகோடுக்கு வந்துசேர 2000களின் நடுப்பகுதியும் அதற்குப் பிந்திய காலமும் ஆனது. அப்போதும் பல அலுவலகங்களில் செய்தியைப் பாமினியில் அடித்து, மாற்றி ஒன்றினூடாக யுனிகோடாக்கி, பிறகு தளத்தில் ஒட்டினார்கள். நானும் அப்படித்தான் ஒட்டினேன்.

அந்த மாற்றிகள் விட்ட பிழைகள் இன்னும் தரவுத்தளங்களில் அப்படியே கிடக்கின்றன. பாமினியில் ஔகாரக் குறிக்குத் தனி எழுத்து இல்லை. முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் ‘ள’ என்று அடிப்பார்கள். ‘கௌரி’யில் வருவது ஔகாரமா, ‘வெள்ளம்’ என்பதில் வருவது எகரமும் ளகரமுமா என்பதை மாற்றிதான் ஊகிக்க வேண்டும். கவனமில்லாமல் எழுதப்பட்ட மாற்றி எல்லாவற்றையும் ஔகாரமாக்கிவிடும். அப்போது ‘வெள்ளவத்தை’ என்பது ‘வௌ்ளவத்தை’ ஆகிறது. ‘வெளியானது’ என்பது ‘வௌியானது’ ஆகிறது. இலங்கைத் தமிழ்ச் செய்தித் தளங்களைத் தொடர்ந்து படிப்பவர்கள் இந்த ‘வௌி’யைக் கட்டாயம் கண்டிருப்பார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். வெள்ளவத்தை என்று தேடுபவருக்கு வௌ்ளவத்தையில் நடந்தது கிடைக்காது.

மறுபக்கமும் உண்டு. ‘மௌனம்’ என்பதை மகரம், எகரக் குறி, ளகரம் என்று அடித்து ‘மெளனம்’ ஆக்கிவிடும் பழக்கம் நேரடியாக யுனிகோடில் எழுதுபவர்களிடமும் இருக்கிறது.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

சரியான யுனிகோடில் எழுதினாலும் சிக்கல் முடிவதில்லை. யுனிகோடில் ‘தமிழ்’ என்பது ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யுனிகோட் தரமே சொல்கிறது. சேர்ந்த வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்றி ஒழுங்குபடுத்துவதற்கு ‘இயல்பாக்கம்’ என்ற முறையையும் அது வரையறுத்திருக்கிறது. ஆனால், யாராவது அந்த இயல்பாக்கத்தைச் செய்தால்தான் பலன். பாமினி மாற்றிகள் சில துண்டு வடிவத்தையே வெளியிட்டன. தொலைபேசி விசைப்பலகைகள் சேர்ந்த வடிவத்தை எழுதுகின்றன.

‘ஸ்ரீ’யிலும் இதே கதை. சகரத்தின் கிரந்த வடிவமான ‘ஶ’ 2005இல்தான் யுனிகோடில் சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு ஸ்ரீயை ‘ஸ’ கொண்டும் எழுதலாம், ‘ஶ’ கொண்டும் எழுதலாம். திரையில் ஒரே உருவம்தான். எங்கள் நாட்டின் பெயரையே ‘ஸ்ரீலங்கா’ என்று தேடினால் பாதிச் செய்திகள் விடுபடக்கூடிய நிலை இப்படித்தான் உருவாகிறது.

எனக்கு நடந்ததும் இதுதான். 2008ஆம் ஆண்டுச் செய்தியில் ‘கொட்டாஞ்சேனை’யின் முதலெழுத்து மூன்று துண்டாக இருந்தது. என் தொலைபேசி அதை இரண்டு குறியீடுகளாக அனுப்பியது.

தேடல் பெட்டிக்குப் பின்னால்

வேர்ட்பிரஸின் வழமையான தேடல், நீங்கள் கொடுக்கும் சொல் அப்படியே தலைப்பிலோ சுருக்கத்திலோ உடலிலோ இருக்கிறதா என்று வரிசை வரிசையாகப் பார்க்கிறது. இது குறியீட்டுக்குக் குறியீடு நடக்கும் ஒப்பீடு. மொழி எதுவும் அதற்குத் தெரியாது.

தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்கும்போது அதன் வால் மாறுகிறது. ‘கொட்டாஞ்சேனை’ என்று தேடினால் ‘கொட்டாஞ்சேனையில்’ கிடைத்துவிடும்; முழுச்சொல்லும் உள்ளே அப்படியே இருக்கிறது. ‘கொழும்பு’ என்று தேடினால் ‘கொழும்பில்’ கிடைக்காது, உகரம் இகரமாகிவிட்டது. ‘மகன்’ என்று தேடினால் ‘மகனை’ கிடைக்காது, புள்ளி போய்விட்டது. ‘வீடு’ என்றால் ‘வீட்டில்’ கிடைக்காது. ஒரு செய்தியில் ஊர்ப்பெயர் பெரும்பாலும் ‘இல்’ சேர்ந்தே வரும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மாற்று, புத்தகத்தின் பின்பக்கத்தில் வரும் சொல்லடைவு போன்ற ஒன்றை முன்கூட்டியே தயாரித்து வைப்பது. எந்தச் சொல் எந்தெந்தச் செய்தியில் வருகிறது என்ற பட்டியல் அது. 1999இல் உருவான லூசீன் என்ற கட்டற்ற மென்பொருளும் அதன் மேல் கட்டப்பட்ட சோலர், எலாஸ்டிக்சேர்ச் ஆகியவையும் இதைச் செய்கின்றன. பட்டியலில் சேர்க்கும் முன்னர் அவை மூன்று வேலைகளைச் செய்கின்றன. வரியைச் சொற்களாகப் பிரிக்கின்றன. எழுத்து வடிவங்களை ஒன்றாக்குகின்றன. சொல்லின் வாலை வெட்டி அடிச்சொல்லை எடுக்கின்றன. மூன்றாவது வேலைக்கான தமிழ் விதிகள் ஸ்னோபோல் என்ற திட்டத்தில் இப்போது இருக்கின்றன. 2019இல் வெளியான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்பு அவற்றைச் சேர்த்துக்கொண்டது. லூசீனிலும் தமிழுக்கான பகுப்பான் உண்டு. அதாவது, கருவி இல்லை என்று இனிச் சொல்ல முடியாது.

ஆனாலும், பொதுவான கருவிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தக்கூடாது. பைதன் நிரல்மொழியில் ‘சொல்’ என்பதைக் கண்டுபிடிக்கும் வழமையான வடிவத் தேடலிடம் ‘தமிழ்’ என்று கொடுத்தால் அது ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டுகளைத் தரும். உயிர்க்குறியையும் புள்ளியையும் அது எழுத்தாக எண்ணுவதில்லை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் முழுவாசகத் தேடலில், இனோடிபி அட்டவணைகளுக்கு, மூன்று குறியீடுகளுக்குக் குறைந்த சொற்கள் இயல்பாகவே விடப்படும். ‘தீ’ என்பது இரண்டே குறியீடு. தீ விபத்துச் செய்தியைத் தேடுபவர் என்ன செய்வார்? அமைப்பில் ஓர் எண்ணை மாற்றினால் சரியாகிவிடும். மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடிச்சொல் வெட்டுவதிலும் ஆபத்து உண்டு. விதி அதிகமாக வெட்டினால் தொடர்பில்லாத சொற்கள் ஒன்றாகிவிடும். ஆட்பெயர்களில் இது மோசமாக இருக்கும். அதனால், வெட்டிய வடிவத்தையும் வெட்டாத வடிவத்தையும் இரண்டு களங்களில் வைத்து, வெட்டாத பொருத்தத்துக்கு முன்னுரிமை கொடுப்பது நல்ல வழி.

நூலகம் எடுத்த வேறு தீர்மானம்

இந்த விடயத்தில் எங்களுக்கு அருகிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. இனி ஒரு பிரதி ஒரே இடத்தில் மட்டும் இருக்கக்கூடாது என்ற எண்ணம் ஈழத்தமிழர் மத்தியில் அதற்குப் பிறகு ஆழமாக வேரூன்றியது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் அந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

நூலகம், விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளைத் தெரிவுசெய்தது. ஒவ்வொரு நூலுக்கும் இதழுக்கும் ஓர் எண், ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் ஆசிரியர், பதிப்பு ஆண்டு, பக்க எண்ணிக்கை போன்ற விபரங்கள். ஸ்கேன் செய்யப்பட்ட பிரதிக்கு ஓர் இணைப்பு. இதழ்களின் பக்கங்கள் பலவற்றில் உள்ளடக்கத்தைக் கட்டுரை கட்டுரையாகக் கையால் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஸ்கேன் செய்த பக்கம் ஒரு படம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது. பழைய ஈய அச்சில் வந்த, மங்கிய தாளில் இருக்கும் தமிழை எழுத்துணரி மென்பொருளால் பிழையின்றி வாசிக்க அன்று வழி இருக்கவில்லை. ஆகவே, முழு வாசகத்தையும் தேடலாம் என்று காத்திராமல், தலைப்புகளையாவது ஒரு மனிதர் சரியாக அடித்து வைக்கட்டும் என்பது அந்தத் தெரிவின் பொருள். யார் வேண்டுமானாலும் பிழையைத் திருத்தலாம், திருத்தத்தின் வரலாறும் அழியாது என்பது விக்கியின் இன்னொரு பலம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் வேறு வழியில் போனது. அது நூல்களை முழுமையாகத் தட்டச்சுச் செய்தது. டிஸ்கி குறியீட்டிலும் பிறகு யுனிகோடிலும். அங்கே வாசகம் முழுவதையும் தேடலாம். ஆனால், ஒரு நூலைச் சேர்க்க எடுக்கும் உழைப்பு பல மடங்கு.

படங்களையும் ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேர்க்க வேண்டி வந்தபோது நூலக நிறுவனம் ‘ஆவணகம்’ என்ற இன்னொரு தளத்தைக் கட்டியது. அதற்கு ஐலண்டோரா. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் உருவான அந்த மென்பொருள் ட்ரூபலை முகப்பாகவும் பெடோராவைக் களஞ்சியமாகவும் சோலரைத் தேடலுக்கும் சேர்த்துக் கட்டப்பட்டது. பொருளைப் பாதுகாக்கும் இடம் வேறு, காட்டும் இடம் வேறு, தேடும் இடம் வேறு. நாளை முகப்பை மாற்றினாலும் களஞ்சியம் கலையாது. செய்தித் தளங்கள் இதைக் கவனிக்க வேண்டும். எங்களிடம் மூன்றும் ஒரே சேவரில், ஒரே மென்பொருளுக்குள் இருக்கின்றன. ஒருநாள் கட்டணம் கட்டத் தவறினால் மூன்றும் ஒன்றாகவே போய்விடும்.

மென்பொருள் தீர்க்காத பகுதி

எழுத்துச் சிக்கல் எல்லாம் தீர்ந்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. ஒரே துயரத்துக்கு நாங்கள் எத்தனை பெயர் வைத்திருக்கிறோம்? காணாமல் போனோர், காணாமல்போனோர், காணாமற்போனோர், காணாமல் ஆக்கப்பட்டோர், காணாமலாக்கப்பட்டோர், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர். ‘போனார்’ என்பதற்கும் ‘ஆக்கப்பட்டார்’ என்பதற்கும் இடையிலான அரசியல் வேறுபாட்டை நான் நன்கு அறிவேன். அதை அழித்து ஒன்றாக்கச் சொல்லவில்லை. எழுதுபவர் தனக்குரிய சொல்லையே எழுதட்டும். தேடுபவருக்கு எல்லாமே கிடைக்கும்படி ஒருபொருட் சொற்பட்டியல் ஒன்றை முறைமைக்குள் வைப்பது தளத்தின் கடமை.

ஆட்பெயர்களிலும் அப்படித்தான். ஜெயகுமார், ஜெயக்குமார், கிருஷ்ணன், கிருஸ்ணன். பொலிஸ் பதிவு சிங்களத்தில், கடவுச்சீட்டு ஆங்கிலத்தில், செய்தி தமிழில். மூன்றுக்கும் இடையில் ஒரு மனிதர் எளிதாகத் தொலைந்துவிடுவார்.

முகவரியும் ஒரு பிரச்சினை. தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கினால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்துகளாக விரியும். ‘கொட்டாஞ்சேனையில்’ என்ற ஒரு சொல்லுக்கே 144 எழுத்துகள். வேர்ட்பிரஸ் 200 எழுத்துகளோடு வெட்டிவிடும். மின்னஞ்சலிலோ கடிதத்திலோ அந்த முகவரியை எழுத முடியாது. எண்ணையோ சுருக்கமான ஆங்கில எழுத்துகளையோ முகவரியாக வைத்து, அதைப் பிறகு ஒருபோதும் மாற்றாமல் விடுவதே நல்லது.

அச்சில் வரும் நாளிதழ்களைத் தேடிப்போகக் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. இணையத்தில் மட்டும் வந்த செய்திக்கு அப்படி ஓர் இடம் இல்லை. எங்களுக்கு நாங்களே காப்பகம்.

என்ன செய்யலாம்?

தளம் நடத்துபவர்கள் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை சில. தரவுத்தளத்துக்குப் பிரதி எடுத்துக்கொண்டு, பழைய செய்திகள் எல்லாவற்றையும் ஒரே இயல்பாக்க வடிவத்துக்கு மாற்றுங்கள். தேடுபவர் தட்டச்சுச் செய்யும் சொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடச் சொல்லுங்கள். ‘வௌி’, ‘வௌ்ள’ போன்றவற்றைத் தேடித் திருத்துங்கள். தமிழ்ப் பகுப்பான் உள்ள தேடலைப் பொருத்துங்கள். மாதத்துக்கு ஒருமுறை முழுப் பிரதியை வேறிடத்தில் வையுங்கள்.

தேடுபவர்களுக்கு மூன்று உபாயங்கள். சொல்லின் கடைசி உயிர்க்குறியை விட்டுவிட்டுத் தேடுங்கள். ‘கொழும்ப’ என்று கொடுத்தால் கொழும்பு, கொழும்பில் இரண்டும் வரும். கொ, கோ, கௌ போன்ற எழுத்தில் தொடங்கும் சொல்லென்றால் அந்த எழுத்தை விட்டு நடுப்பகுதியைக் கொடுங்கள். தளத்தில் கிடைக்காவிட்டால், இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அந்தக் காலத்து முகப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இரண்டாவது உபாயத்தைத் தளப் பராமரிப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். ‘ட்டாஞ்சேனை’ என்று அடித்தேன். பழைய செய்திகள் வரிசையாக வந்தன. நான்காவது பக்கத்தில் அது இருந்தது. ஐந்து வரிச் செய்தி. திகதி, வீதி, வயது எல்லாம் சரி. பெயரில் ஓர் எழுத்து மட்டும் பிழை. பெயரைக் கொடுத்துத் தேடியபோது ஏன் கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

வெள்ளவத்தையில் காலி வீதியில் உள்ள ஒரு கடையில் அதை அச்செடுத்தேன். கீழே முகவரி மட்டும் நான்கு வரிக்குச் சதவீதக் குறிகளாக நீண்டிருந்தது. எந்த அதிகாரியும் அதைத் தட்டச்சுச் செய்து பார்க்கப்போவதில்லை. அதனால், வேபேக் மெஷினிலும் ஒரு பிரதியைச் சேமித்து, அந்தத் திகதியைப் பேனையால் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார்.

“பேர் பிழையாக் கிடக்குது பிள்ளை.”

“ஓம் அம்மா. திருத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறன்.”

“திருத்தினா இன்னொருக்கா எடுத்துத் தாங்கோ” என்று சொல்லிவிட்டு, பைலில் 2008க்குரிய இடத்தைத் தேடி அதைச் செருகினார்.

அந்தத் தளத்துக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். பெயர் இன்னும் திருத்தப்படவில்லை.